மூன்றாம் குரலுக்குப் பதில்

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்காத காலம். ஆனைவாரி என்னும் ஓடை பாயும் நாட்டை ஓர் அரசன் ஆண்டான். ஓடைத் தண்ணீரைத் தேக்க அவன் ஓர் ஏரி வெட்டச் சொன்னான். கரை போடும் வேலைக்குத் தில்லைவிடங்கன் என்பவனை மேலாளாக வைத்தான்.

தில்லைவிடங்கன் நல்லவன், கூச்சமுள்ளவன். நாலு பேர் முகம் பார்த்தால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் எண்ணிக்கையில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் முன்பு போட்ட கரை ஒன்று, வேலை முடிய நான்கே நாள் இருக்கும்போது மழையில் உடைந்து, மூன்று ஊர் வயலை அடித்துப் போயிருந்தது. அந்த நான்கு நாளை அவன் மறக்கவே இல்லை. இந்த முறை மழைக்கு முன் கரை எழும்பியாக வேண்டும்.

வேலைக்கு அறுபத்தொரு பேர் வந்தார்கள். முதல் நாள் எண்ணி ஓலையில் எழுதிக்கொண்டான். பள்ளத்திலிருந்து மேடு வரை அவர்கள் வரிசையாக நிற்பார்கள். மண் கூடை கைக்குக் கை மாறி மேலே போகும்.

அந்த மண்வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூடையைக் கொடுக்கும்போது வாங்குகிறவரை முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். "இந்தா மாமோய்!" என்றால் "வந்துருச்சு அத்தே!" என்று பதில் வரவேண்டும். ஒரு கூடைக்குப் பதில் வராவிட்டால் பரவாயில்லை. இரண்டாம் கூடைக்கும் வராவிட்டால் பரவாயில்லை. மூன்றாம் கூடைக்கும் வராவிட்டால் வரிசை முழுவதும் கூடையைக் கீழே வைத்துவிடும். பக்கத்து ஆட்கள் இருவரும் பேசாதவர் அருகே உட்கார்ந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள்.

ஒருவனுக்குக் காய்ச்சலாக இருக்கும். ஒருத்தி வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பாள். இன்னொருவன் வாய் நிறைய வெற்றிலையோடு நிற்பான். அன்றைக்கு வரிசையே சிரிக்கும்.

தில்லைவிடங்கன் இதையும் எண்ணினான். நாளைக்குப் பதினொரு தடவை வரிசை நிற்கிறது. ஒரு தடவைக்கு இருபது கூடை போகிறது. ஆக இருநூற்று இருபது கூடை வீண். அதை ஓலையின் ஓரத்தில் தனியாக எழுதி வைத்தான். இருந்தாலும் சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாதிருந்தான்.

ஒரு நாள் காலை, கூடைகளை வாய்க்குள் எண்ணியபடி வரிசை ஓரமாக நடந்தான். வரிசையில் இருளப்பன் என்று ஒருவன் இருந்தான். ஐம்பது வயது, ஊரையே சிரிக்க வைக்கிற வாய். அவன் கூப்பிட்டான்.

"கணக்கையா, சாப்பிட்டாச்சா?"

தில்லைவிடங்கன் எண்ணிக்கொண்டிருந்தான். பதில் சொல்லவில்லை.

"ஐயா, உங்களைத்தான். சாப்பிட்டாச்சா?"

சொல்லவில்லை.

"கணக்கையோவ்!"

சொல்லவில்லை. தொம் தொம் என்று அறுபத்தொரு பேரும் கூடையைக் கீழே வைத்தார்கள்.

"மூணு தரம் கூப்புட்டாச்சு, பதிலைக் காணோமே. மேலுக்குச் சொகமில்லையா ஐயா?" என்றாள் இருளப்பனுக்கு அடுத்து நின்ற வெள்ளாத்தாள்.

"ஐயா தொண்டையில எண்ணு சிக்கிக்கிச்சு அக்கா, முதுகுல தட்டு!" என்றான் இருளப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

அறுபத்தொரு முகம் தன்னைப் பார்ப்பதைத் தில்லைவிடங்கன் கண்டான். காது சுட்டது. எண்ணிக்கையும் விட்டுப்போயிற்று. கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தான். தனக்காகவும் வரிசை நின்றது என்பது அவனுக்குப் படவில்லை. உண்மையில் அன்று அவன் சாப்பிட்டிருக்கவில்லை. அதை அவனிடம் யாரும் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

மறுநாள் கட்டளை வந்தது. வேலை நேரத்தில் வாய் திறக்கக் கூடாது. வரிசை நிற்கக் கூடாது. திறந்தால், நின்றால், அன்றைய கஞ்சி கிடையாது.

"பேசாம எப்படிங்கையா மண்ணு தூக்குறது?" என்று கேட்டாள் வெள்ளாத்தாள்.

"கையால்" என்றான் தில்லைவிடங்கன்.

அன்று முதல் மண் விழும் ஓசை மட்டும் கேட்டது. முன்பு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு கூடை ஏறும். இப்போது இரண்டாயிரத்து அறுநூற்று இருபத்துநான்கு ஏறியது. நினைத்ததைவிட நாலு கூடை அதிகம். அவனுக்கு மனம் குளிர்ந்தது.

ஒரு மாதம் போயிற்று. ஒரு நாள் இருளப்பனின் கை பிந்துவதைப் பார்த்தான். கூடை சிந்தவில்லை. நடந்தான்.

மறுநாள், நீட்டிய கூடையை வாங்காமல் இருளப்பன் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்தான். பிறகு இருளப்பன் அதை வாங்கிக்கொண்டான். கூடை சிந்தவில்லை. நடந்தான்.

அதற்கும் மறுநாள், இருளப்பன் தன் தோளில் முகத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தான். வியர்வை என்று எண்ணினான். கூடை சிந்தவில்லை. நடந்தான்.

மழைக்கு ஒன்பது நாள் முன்பே கரை முடிந்தது. அரசன் பார்க்க வந்தான்.

"எத்தனை நாள் ஆயிற்று?"

"எண்பத்திரண்டு, அரசே."

"எத்தனை கூடை?"

அதையும் ஒன்று விடாமல் சொன்னான்.

"எத்தனை பேர்?"

"அறுபத்தொருவர்."

அரசன் மகிழ்ந்து, ஆளுக்கொரு புதுவேட்டி, புதுச்சேலை கொடுக்கச் சொன்னான். ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். கடைசியில் ஒரு வேட்டி மிஞ்சியது.

தில்லைவிடங்கன் ஆட்களை எண்ணினான். அறுபது. மறுபடி எண்ணினான். அறுபது. மூன்றாம் முறை ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினான். அறுபது.

"யார் இல்லை?" என்று கேட்டான்.

"இருளப்பன்" என்றாள் வெள்ளாத்தாள்.

"எப்போதிருந்து?"

"இருபது நாளிருக்கும். சரியாத் தெரியாது."

"பக்கத்தில்தானே நின்றாய்? ஏன் சொல்லவில்லை?"

"நீங்கதான் வேற இடத்துல நிறுத்தியிருக்கீங்கன்னு நெனச்சேன். ரெண்டடி தள்ளி நின்னு, எட்டி வாங்கிக்கிட்டேன். கேக்கத்தான் கூடாதே ஐயா."

கஞ்சிக்கு அரிசி ஏற்றி வரும் வண்டிக்காரன் பூவாண்டி முன்னால் வந்தான். "அவரோட ஒத்தைப் பொண்ணு ஊர்ல செத்துப்போச்சுங்க. சேதி சொன்னதே நான்தான். கேட்டாரு. ஒண்ணும் சொல்லலை. கூடைய எடுத்துக்கிட்டு வரிசைக்குப் போயிட்டாரு. அங்கே நாலு பேர் இருக்காங்களே, பாத்துக்குவாங்கன்னு நானும் வண்டியத் திருப்பிட்டேன்."

யாரும் பேசவில்லை. இப்போது பேசத் தடை எதுவும் இருக்கவில்லை.

தில்லைவிடங்கன் அந்த வேட்டியை எடுத்துக்கொண்டு தேடப் போனான். இருளப்பனின் ஊரில் கேட்டான், வரவில்லை என்றார்கள். ஆனைவாரி ஓரம் கேட்டான், பார்க்கவில்லை என்றார்கள். காட்டுப்பாதையில் ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டான். "எப்போ போனாரு?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். எண்ணிக்கையில் மிஞ்ச ஆளில்லாத தில்லைவிடங்கனுக்கு அந்த ஒரு நாளைச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த கோடையில் மதகு வேலை தொடங்கியது. முதல் நாளே தடையை நீக்கினான். "பழையபடி கூப்பிட்டுக்கொள்ளுங்கள், வரிசையை நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றான். அவர்கள் தலையாட்டினார்கள். கூடை மட்டும் பேச்சில்லாமல் கை மாறியது. பேசாதே என்றபோது கீழ்ப்படிந்தவர்கள், பேசு என்றபோது என்ன பேசுவது என்று அறியாமல் நின்றார்கள்.

அவன் ஓலையைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றான். இருளப்பன் நின்ற இடத்தில் நின்றான். கூடையை வாங்கி நீட்டும்போது, நாக்கு ஒட்டிக்கொண்டாலும், கூப்பிட்டான்.

"இந்தா, வெள்ளாத்தா. சாப்பிட்டாச்சா?"

அவள் வாங்கிக்கொண்டாள். பேசவில்லை. இரண்டாம் கூடைக்கும் கேட்டான். பேசவில்லை. மூன்றாம் கூடைக்கும் கேட்டான். அவள் பேசவில்லை.

தில்லைவிடங்கன் தன் கூடையைக் கீழே வைத்தான். வரிசை நின்றது. அவள் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்தான். கரைமேட்டைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"இதை அன்னைக்குச் செஞ்சிருந்தா..."

அவள் அதை முடிக்கவில்லை. அவனும் முடிக்கச் சொல்லவில்லை.

கேட்டீர்களா? கூட உழைப்பவரின் குரல் குறைந்தபோதே நின்று கேட்காதவருக்கு, அவர் போன பிறகு எத்தனை முறை எண்ணினாலும் அந்தக் கணக்கு நேராவதில்லை.