பூவாயி தேடியது

மலைச்சரிவில் இருந்த அந்த மருத்துவமனைக்கு மழைக்காலத்தில் மேகமும் வரும். டோக்கன் வாங்காமல் ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, தோன்றும்போது எழுந்து போகும். அந்த நாட்களில் அங்கே எல்லாமே பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல இருக்கும்.

அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு நூருன்னிசாவுக்கு வயது நாற்பது, அறுவை சிகிச்சை நிபுணர். சீடர் சிதம்பரநாதனுக்கு ஐம்பத்தெட்டு. கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்ந்தவர், இனியாவது உயிருள்ள எண்களோடு பழகலாம் என்று மருத்துவமனைக் கணக்குகளைப் பார்க்க மலையேறி வந்திருந்தார். குருவுக்கு இன்னும் நரை விழவில்லை. சீடருக்கு நரைக்க முடியே இல்லை.

மதியம் கூட்டம் குறைந்ததும் சீடர் ஒரு கேள்வி கேட்பார், குரு பதில் சொல்வார். அதுதான் வழக்கம். அன்று சீடரிடம் கேள்வி இல்லை. மடிக்கணினியோடு வந்தார்.

உயிருக்கு ஆபத்தில்லாத, விரும்பினால் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சைகளில் மக்களுக்கு எதில் நாட்டம் என்று நிர்வாகம் கேட்டிருந்தது. மக்கள் இணையத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து, சீடர் அதை வரைபடத்தில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். ஒரு மாத வேலை. கனவில்கூட அந்தக் கோடுகள்தான் வந்தன.

"இதைப் பாருங்க டாக்டர். முடி நடுற சிகிச்சை. ரெண்டு வருஷமா ஏறிக்கிட்டே இருக்கு."

"இது?" அடியில் தரையோடு கிடந்த கோட்டைத் தொட்டார் குரு.

"தீக்காயத்துல ஒட்டிப்போன விரலைப் பிரிக்கிற ஆபரேஷன். இந்த மாவட்டத்துல ஒருத்தர்கூடத் தேடலை. பூஜ்யம்."

"அதனால?"

"செவ்வாய்க்கிழமையை முடிக்குக் கொடுத்துடலாம்னு எழுதியிருக்கேன். சாயங்காலம் அனுப்பணும்."

அங்கே இருந்தது ஒரே ஒரு ஆபரேஷன் தியேட்டர். வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வெந்து சுருங்கிய கைகளுக்கு. சொல்லும்போது சீடருக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் எண் பொய் சொல்லுமா என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"முடி சிகிச்சையை நீங்களும் தேடினீங்களா சார்?"

சீடரின் கை தானாக வழுக்கைக்குப் போனது. "ஒரு... பதினாலு தடவை."

"செஞ்சுக்கப்போறீங்களா?"

"ஐயய்யோ, இந்த வயசுலயா? சும்மா பார்த்தேன் டாக்டர். பார்த்தா ஒரு சுகம், அவ்வளவுதான்."

குரு சிரித்துவிட்டார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் மேகமும், அதன் பின்னால் ஒரு பெண்ணும் உள்ளே வந்தார்கள். கீழ்த்தெருப் பூவாயி. ஆறு வயது மகளை இடது கையால் பிடித்திருந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. சிறுமியின் தலைமுடி வாராமல் முகத்தில் விழுந்து கிடந்தது.

"பாப்பாவுக்கு இருமலுங்க."

குரு நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மருந்து எழுதினார். பிறகு, "கையைக் காட்டுங்க பூவாயி" என்றார்.

பூவாயி தயங்கித் தயங்கி முந்தானையை விலக்கினாள். நான்கு விரல்களும் மடங்கி உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தன.

"கஞ்சிப்பானை கவுந்துடுச்சுங்க. மூணு வருசமாச்சு. ஆறிடுச்சுங்க, வலியெல்லாம் இல்லை."

அந்த 'ஆறிடுச்சு' சீடரின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"சார், உங்க போனைக் கொடுங்க" என்றார் குரு. அதை வாங்கி, பேசினால் தேடும்படி வைத்து, பூவாயியின் முகத்தருகே நீட்டினார். "இதுகிட்ட என்ன கேட்டாலும் தேடித் தரும். உங்களுக்கு என்ன வேணுமோ கேளுங்க."

பூவாயிக்கு வெட்கமாகப் போய்விட்டது. போனைப் பார்த்தாள், குருவைப் பார்த்தாள், கடைசியில் மகளைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு ரெட்டைச் சடை பின்னணும்."

போன் சொன்னபடி கேட்டது. சின்னச் சின்னத் தலைகளாக வந்து திரையை நிறைத்தன. ரிப்பன்கள். பூச்சரங்கள். யார் யாருடைய விரல்களோ முடிக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. மூடுபனிக்குள் அந்தத் திரை மட்டும் ஒளிர்ந்தது. பூவாயி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய இடது கை விரல்கள் காற்றில் எதையோ பின்னத் தொடங்கின.

சீடர் மடிக்கணினியில் இருந்த கோடுகளைத் திரும்பப் பார்த்தார்.

"டாக்டர்... இது எந்தக் கோட்டுல சேரும்?"

குரு பூவாயியின் மடங்கிய கையைப் பிடித்துப் பார்த்தார்.

"பூவாயி, இந்த விரலைப் பிரிச்சுவிடலாம்."

"பிரியுங்களா?" அவள் தன் கையையே புதிதாகப் பார்த்தாள். "நெசமாலுமா? யாரும் சொல்லலீங்களே! எப்ப வரட்டுங்க?"

"இதுக்குச் செவ்வாய்க்கிழமைதான்" என்றார் குரு. "அந்தக் கிழமை இருக்கான்னு சாரைக் கேளுங்க."