மே மாதப் படம்

கூளவேட்டில் ஏரி இருந்தது. மந்திரியின் மச்சானுக்கோ அதே இடத்தில் கல்லூரி கட்ட ஆசை வந்துவிட்டது. ஆகவே அங்கே ஏரி கிடையாது என்று ஒரு வரைபடம் வேண்டும்.

வரைபடப் பிரிவு அதிகாரி தணிகாசலம், ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அஞ்சுகத்தைக் கூப்பிட்டார்.

"சாட்டிலைட் படத்துல ஏரி பளிச்சுனு தெரியுதே சார்," என்றாள் அவள்.

"மே மாசப் படத்தை எடும்மா, காஞ்சு கிடக்கும். தண்ணி தெரியாத இடமெல்லாம் தரிசுன்னு சாஃப்ட்வேர்ல விதி போட்டுடு. நாளைக்குக் கலெக்டர் கூட்டம். முடியலன்னா வேலைக்கு வராதே."

அஞ்சுகம் சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். அவரும் வழக்கம்போலப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் திரையில் மாவட்டம் முழுவதும் விரிந்தது. கூளவேட்டு ஏரி இல்லை. மற்ற ஏரிகளும் இல்லை. ஆற்றையும் காணோம்.

கலெக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு எங்கே?"

"தரிசாயிடுச்சு மேடம்," என்றாள் அஞ்சுகம். "மே மாசம் அதுலயும் தண்ணி இல்ல. சார் சொன்ன விதிதான். எந்த ஏரியில யாருக்கு ஆசைன்னு சாஃப்ட்வேருக்குத் தெரியாதுங்களே."

கலெக்டர் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார். கல்லூரிக் கோப்பு வந்த வழியே திரும்பியது.

சாயங்காலம் தணிகாசலம் நிமிராமலே சொன்னார்: "நாளையிலேர்ந்து உனக்கு இங்க வேலை இல்லை."

அஞ்சுகம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"தெரியும் சார். அவ்வளவு பெரிய ஏரியையே இல்லைன்னு சொன்ன வாய்க்கு, என்னை இல்லைன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"