வாழைக்குக் கால் தரித்த கதை

அந்தக் காலத்தில் மரங்கள் பேசும், நடக்கவும் செய்யும். மாமரம் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். வாழைக்கு மட்டும் ஓரிடத்தில் கால் பாவவில்லை.

சித்திரையில் மேட்டு மண் கொதித்தால் வேரைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடுவாள். மார்கழியில் கரைமண் சில்லிட்டு வேர் மரத்துப்போனால் மறுபடி மேட்டுக்கு. எப்போதும் இக்கரைக்கு அக்கரை பச்சைதான். குலை போட வேண்டுமானால் பத்து மாதம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இவளோ எட்டு மாதத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. மாமரம் காய்ப்பதைப் பார்த்து வயிறு மட்டும் எரியும்.

"மதினி, உனக்கு மண்ணு சுடலையா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மேலதான் சுடும். ரெண்டு ஆள் ஆழத்துக்குக் காலை விட்டுப் பாரு, சித்திரையும் மார்கழியும் ஒண்ணுதான்."

"எனக்கு அம்புட்டு நீளம் எங்க இருக்கு?"

"அப்ப ஓடிக்கிட்டே இரு," என்றாள் மாமரம்.

அந்த வருஷம் சித்திரையிலிருந்தே மழை விடாமல் பெய்து மேட்டு மண் இதமாகவே இருந்தது. ஓட மறந்து நின்றவளுக்குப் பங்குனியில் குலை தள்ளியது. பின்னாலேயே அடுத்த சித்திரை வந்தது. மண் வறுசட்டியாகக் காய்ந்து வேர் வெந்தது. பொறுக்கமாட்டாமல் ஒரு காலைத் தூக்கினாள். பிஞ்சுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பதறிப்போய்க் காலை ஊன்றினாள்.

"மதினி, ஓடினா பிள்ளைங்க போயிரும். நின்னா நான் வெந்துருவேன். என்ன செய்ய?"

ஆழத்தில் கால் நீட்டிய மாமரத்துக்கு மேல்மண்ணின் சூடு எங்கே தெரியப்போகிறது?

வாழை தவித்தாள். தன் கீழிலை ஒன்றை முறித்துக் காலடியில் போட்டாள். மண் கொஞ்சம் ஆறியது. மறுநாள் இன்னொன்று. காய் முற்ற முற்ற அவள் மொட்டையானாள். கடைசி இலையும் தீர்ந்தபோது குலை பழுத்திருந்தது. காலருகே கன்று ஒன்று மூக்கை நீட்டியிருந்தது.

"அதான் பழுத்துருச்சே, இனி ஓடேன்டி," என்றாள் மாமரம்.

"கன்னுக்குக் கால் சுடும், மதினி."

இலை மிச்சமில்லை, உடம்புதான் இருந்தது. கன்றின் அடிமண்ணை மூடிக்கொண்டு அப்படியே சாய்ந்தாள்.

அன்று முதல்தான் வாழை ஒரே குலையோடு முடிந்துபோகிறது. நாமும் அதைத் துண்டு போட்டுக் கன்றின் காலடியில் பரப்புகிறோம். கன்றுக்கு மட்டும் தாயின் பழைய ஓட்டம் இன்னும் விடவில்லை; அவள் நின்ற இடத்தில் நிற்காமல் ஓரடி தள்ளித்தான் முளைக்கிறது.