பூட்ஸுக்கு எடுப்பான உடுப்பு

"மாஸ்டர், இந்த பூட்ஸுக்கு என்ன போட்டா எடுப்பா இருக்கும்?"

கேட்டவர் தெய்வநாயகம். குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வயது நாற்பத்திமூன்று, மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.

மாஸ்டர் என்றால் டெய்லர் சந்தியாகு. முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குளிர் பிறந்தால் கோட்டு போடும் ஆம்பளைகள் அத்தனை பேரும் அவன் வாயைத்தான் பார்ப்பார்கள்.

"உள்ள வாங்கண்ணே," என்றான் சந்தியாகு.

தெய்வநாயகம் படியிலேயே நின்றார். உள்ளே போக வேண்டுமானால் காலில் இருப்பதைக் கழற்ற வேண்டும். பழுப்பு நிறத்தில் புத்தம் புது பூட்ஸ். கணுக்காலைத் தாண்டி ஏறும் கயிறு. கட்டவே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"இருக்கட்டும், இங்கிருந்தே பாருங்க. ஞாயித்துக்கிழமை ஒருத்தங்க வீட்டுக்குப் போறேன்."

விஷயம் இதுதான். எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் மரகதம் அவரை டீ குடிக்க வரச் சொல்லியிருந்தாள். பேசிப் பார்க்கலாம் என்று. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் கல்யாணப் பேச்சுக்கே ஒரு கும்பிடு என்று மனுஷர் முடிவு கட்டியிருந்தார். பாவம், சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை, நீல ஜீன்ஸை மடித்துவிட்டு, சாம்பல் ஸ்வெட்டரில் வந்தார்.

"உள்ள வாங்கண்ணே."

"ஐயோ, கழட்டினா செட்டே கெட்டுரும் மாஸ்டர்!"

வெள்ளிக்கிழமை, பூட்ஸுக்குள் செருகிய கார்டுராய் பேன்ட், முழங்கால் வரை கோட்டு, கழுத்தில் மஃப்ளர். கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு நன்றாக இருந்தார்.

"உள்ள வாங்கண்ணே."

"உங்களுக்கு வேற பேச்சே தெரியாதா?"

சந்தியாகு பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

சனிக்கிழமையும் அதே உடுப்பு. கூடவே கோபம்.

"விடிஞ்சா போகணும். மூணு நாளா கேக்கறேன், ஒரு பதில் உண்டா? சரி, உள்ளயே வந்து தொலைக்கிறேன்!"

குனிந்து கயிற்றை அவிழ்த்தார். அது வந்துகொண்டே இருந்தது.

பூட்ஸ் போனதும் கார்டுராய் பேன்ட் தரையைக் கூட்டியது. இடது சாக்ஸில் கட்டைவிரல் முழுசாக வெளியே நின்றது.

இருவரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு அவங்க வாசல்லயும் கழட்டணுமில்ல," என்றார் தெய்வநாயகம், மெதுவாக.

சந்தியாகு ஊசியில் பழுப்பு நூலைக் கோத்து நீட்டினான்.

"நீங்களே தச்சுக் குடுங்க மாஸ்டர்."

"பேன்ட்டை நான் பாத்துக்கறேன். சாக்ஸ் உங்களுதுண்ணே."

ஞாயிற்றுக்கிழமை மலை முழுக்க மேகம். மரகதம் கதவைத் திறந்தபோது தெய்வநாயகம் படியில் உட்கார்ந்து கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. எழுந்து நின்றபோது அவள் பார்வை நேராக அந்தத் தையலுக்குத்தான் போனது.

"யாரு தச்சது?"

"நான்தாங்க. கோணலாத்தான் வந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

"மழை வரும்போல இருக்கு. பூட்ஸை உள்ள எடுத்து வைங்க. நீங்க கிளம்ப நேரமாகும்."