கிடை கிளம்பிய காலை

கடலோரத்தில் ஒரு குட்டி நாடு. வரைபடம் போடுகிறவர்கள் அதன் பெயரை எழுத நிலத்தில் இடம் போதாமல் கடலுக்குள் எழுதிவிடுவார்கள். அந்த நாட்டின் தொழில் மந்திரி அம்பலவாணருக்கு அறுபது வயது. அவருடைய குரு உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊருக்கு வெளியே ஒரு குடிலும் இரண்டு வயலும் வைத்துக்கொண்டு, தானே உழுது தானே சமைத்துச் சாப்பிடுகிறவள். மனசு சரியில்லை என்றால் மந்திரி காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வரப்பில் நடந்து அவளிடம் வருவார்.

அன்று மாலையும் அப்படித்தான் வந்தார். முகத்தில் களையே இல்லை.

"என்ன மந்திரியாரே, ரெண்டு நாளாத் தூங்கலை போலிருக்கே?"

"எங்கம்மா தூங்க? நாளை மறுநாள் ஒரு வெளிநாட்டுத் தையல் கம்பெனியோட ஒப்பந்தம். பக்கத்து நாட்டுக்காரன் பத்து வருஷம் வரி வேண்டாங்கிறான். நான் பதினஞ்சு வருஷம்னு சொல்லியிருக்கேன். அவன் கரண்டு இனாம்ங்கிறான். நான் ஆத்துத் தண்ணியும் சேர்த்து இனாம்னு சொல்லியிருக்கேன்."

"வருவாங்களா?"

"வருவாங்க. வருஷா வருஷம் வர்ற கம்பெனி கூடிக்கிட்டுத்தான் இருக்கு. வெளிநாட்டு முதலீடு இவ்வளவு ஏறிடுச்சுன்னு சட்டசபையில நான் சொன்னா மேஜையைத் தட்டுறாங்க. ஆனா வந்தவங்க தங்க மாட்டேங்கிறாங்களே! சலுகை முடியுற அன்னைக்கே மூட்டை கட்டிடுறாங்க."

அவர் குரல் இறங்கியது.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு தையல் கம்பெனி போச்சு. நானூறு பொம்பளைங்களுக்கு வேலை போச்சு. அதுல ஒருத்தி, மலர்க்கொடின்னு பேரு, போன வாரம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. எப்பய்யா எங்களுக்கு வேலைன்னு கேட்டா. என்னால அவ முகத்தைப் பார்க்க முடியலைம்மா. வர்றவங்களைத் தங்க வைக்கிறது எப்படி? அதை மட்டும் சொல்லுங்க."

உலகம்மை வயல் பக்கம் கையை நீட்டினாள்.

"இன்னைக்கு இங்கயே தங்குங்க. வயல்ல ஆட்டுக்கிடை போட்டிருக்கு. போய்ப் பாருங்க."

மந்திரிக்கு இது பதிலாகத் தெரியவில்லை. இருந்தாலும் குரு சொல்லிவிட்டாளே என்று போனார்.

அறுவடை முடிந்த வயலில் ஐந்நூறு ஆடுகள் அடைந்து நின்றன. சுற்றிலும் வலை கட்டியிருந்தது. இரவு முழுவதும் ஆடுகள் போடும் புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரம். அதற்காக வயல்காரர் மேய்ப்பவருக்கு நெல் அளப்பார். கிடைக்காரர் சாத்தையா எங்கோ தொலைவிலிருந்து ஊர் ஊராக ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர். வலைமுடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மந்திரி பேச்சுக் கொடுத்தார்.

"எத்தனை நாள் இருப்பீங்க?"

"காலையில கிளம்பிருவோம்யா. மேற்கே ஒருத்தர் கூப்பிட்டிருக்காரு. அங்கே புல்லு கிடக்குதாம்."

மந்திரிக்குச் சுரீரென்றது. குருவின் வயலுக்கு வந்த ஆடு, குருவின் வயலை விட்டுப் போவதா?

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன்."

"ஆட்டுக்கு வயிறு இருக்குல்ல ஐயா. இங்கே அறுத்த நெல்லுத் தாள் எல்லாம் மேஞ்சாச்சு."

மந்திரி சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்து வயலும் உலகம்மையுடையதுதான். அதில் உளுந்து பச்சைப் பசேல் என்று பூத்து நின்றது.

"விடியக்காலம் அதுல விட்டுக்குங்க."

சாத்தையா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாயி சொன்னாங்களா?"

"நான் சொல்றேன். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

கதர் வேட்டி, தங்கக் கடிகாரம், தூரத்தில் கார். சாத்தையா பாவம், நம்பிவிட்டார்.

மந்திரி பெரிய காரியம் சாதித்த திருப்தியோடு குடிலுக்குத் திரும்பினார். விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பல நாள் கழித்து அன்றுதான் நன்றாகத் தூங்கினார்.

காலையில் உலகம்மை மாட்டை ஏரில் பூட்ட வந்தபோது உளுந்து வயலில் பாதி காணோம். மீதிப் பாதியில் ஆடுகள் நின்றன. அவள் கூச்சல் போடவில்லை. நுகத்தடியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"சாத்தையாண்ணே!"

அவர் பதறி ஓடி வந்தார்.

"தாயி, அந்த ஐயாதான் விடச் சொன்னாரு. நீங்க சொன்னீங்களோன்னு நெனச்சேன்."

"ஆட்டை வெளியே ஓட்டுங்கண்ணே. உங்க மேல தப்பில்லை."

சாத்தையாவும் அவர் ஆட்களும் நாக்கைச் சுழற்றிக் குரல் கொடுத்து ஆடுகளை வரப்பேற்றினார்கள். மந்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். உளுந்தைப் பார்த்ததும் அவருக்கே பகீரென்றது. ஐந்நூறு ஆடு ஒரு வயலை என்ன செய்யும் என்று அவர் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

"இன்னும் ரெண்டு நாள் இருப்பாங்களேன்னுதான்..." என்று இழுத்தார்.

"யார் உளுந்து அது?"

"உங்களுதும்மா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்லை. பழக்க தோஷம்."

உலகம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் இருந்தது. சாத்தையாவுக்குப் பேசிய நெல்லைக் குறையாமல் அளந்து கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மேற்கே நடந்தார். அவர் பின்னால் புழுதி கிளம்பியது.

"பாதி உளுந்தைத் தின்னுட்டும் போறான் பாருங்க," என்றார் மந்திரி மனத்தாங்கலோடு.

"போறவர் போகட்டும். ஏரைப் பிடிங்க."

"இப்பவேவா? ஒரு வாய் காபி குடிச்சிட்டு..."

"வெயில் ஏறுறதுக்குள்ள புழுக்கை மண்ணுக்குள்ள போயாகணும். மேலேயே கிடந்தா காஞ்சு சத்து போயிடும். அப்புறம் கிடை போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான்."

முந்தின நாள் பெய்த கோடைமழையில் மண் பதமாக இருந்தது. மந்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரின் மேழியைப் பிடித்தார். உலகம்மை மாட்டை ஓட்டினாள். முதல் உழவுச்சால் பாம்பு மாதிரி நெளிந்தது.

"எங்கே பார்க்குறீங்க?"

"ஆடு எவ்வளவு தூரம் போயிருக்குன்னு..."

"மண்ணைப் பாருங்க."

இரண்டாவது சால் கொஞ்சம் தேவலை. வெயில் உறைக்கத் தொடங்கியபோது வயல் முழுவதும் புரண்டு கிடந்தது. மந்திரியின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். உலகம்மை தூக்குச்சட்டியிலிருந்து கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள்.

"அடுத்த வருஷம் இந்தச் சாத்தையா வரலைன்னா என்னம்மா செய்வீங்க?"

"வேற யாராச்சும் வருவாங்க. யாருமே வராமலும் போகலாம்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? நான் நெல்லு போடத்தானே வயல் வச்சிருக்கேன்."

மந்திரி கஞ்சியைக் குடித்தார். அவருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

"உங்களுக்கு மண்ணுல உரமாவது மிஞ்சுது. எனக்கு என்ன மிஞ்சுது?"

"போன கம்பெனி என்ன விட்டுட்டுப் போச்சு?"

"ஒண்ணும் இல்லை. மெஷின், மேஜை, மின்விசிறி எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போயிட்டான். வெறும் கொட்டகை நிக்குது. உள்ளே வௌவால்."

"மலர்க்கொடி?"

"அவளுக்கென்ன?"

"அவளுக்கு என்ன வேலை தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க! எட்டு வருஷம் தைச்சவளாச்சே. ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிடுவா. வெளிநாட்டுக் கடையில தொங்குற கோட்டு எல்லாம் அவ கையால தைச்சது. அவ மட்டுமில்லை, நானூறு பேரும் அப்படித்தான். அந்த மாதிரிக் கை இந்தப் பக்கத்திலேயே கிடையாது."

"இப்ப என்ன பண்றாங்க?"

"அதைத்தானேம்மா வந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்காங்க. அடுத்த கம்பெனியைக் கொண்டுவர நானும் மூணு வருஷமா நாடு நாடா அலையறேன்."

உலகம்மை கையைக் கழுவிக்கொண்டாள்.

"அந்தக் கைகளை மூணு வருஷமாவா வெயில்ல காய விட்டிருக்கீங்க, மந்திரியாரே?"