சரிவில் இறங்கும் மண்

பிரான்சில் பர்கண்டிப் பக்கம், ஒரு மலைச்சரிவில் கஸ்பாரின் திராட்சைத் தோட்டம் இருந்தது. பாட்டன் முப்பாட்டன் காலத்துத் தோட்டம். அந்த ஒயினுக்கு ஊரில் தனி மரியாதை. ஒரு வருஷம் எங்கிருந்தோ ஒரு செடிப்பேன் வந்தது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடிப்பேன். வேரை உறிஞ்சி உறிஞ்சி அத்தனை கொடியையும் சாகடித்துவிட்டது, பாழாய்ப்போனது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எலோடி அம்மாள். கஸ்பாரைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் கொடி விஷயத்தில் அவரைத்தான் கஸ்பார் குருவாக நினைத்திருந்தார். நேரே அவரிடம் போனார்.

"அமெரிக்கக் கொடியோட வேருல நம்ம கொடியை ஒட்டுக்கட்டுங்க. அந்த வேரைப் பேன் ஒண்ணும் பண்ணாது" என்றார் எலோடி.

கஸ்பாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேரு அசலூரு. வீடு யுத்தத்துல எரிஞ்சு புதுசாக் கட்டினது. ஒயின் பீப்பாய் போன வருஷத்துது. இதுல எங்க பரம்பரை எங்க இருக்கு? பழம்பெருமை பேசி ஊரை ஏமாத்த என்னால ஆகாது. வித்துட்டுப் போறேன்."



எலோடி கொட்டகைக்குள் போனார். முதுகில் மாட்டும் கூடை இரண்டை எடுத்துவந்தார். மழையில் சரிந்த மண் கஸ்பாரின் தோட்டத்து அடிவாரத்தில் குவிந்து கிடந்தது. அதை அள்ளிச் சுமந்துபோய் உச்சியில் கொட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். கொடி செத்ததிலிருந்து கஸ்பார் அதை விட்டுவிட்டார்.

"வாங்க."

"செத்த தோட்டத்துக்கா?"

"வாங்கன்னா வாங்க."

இருவரும் சுமந்தார்கள். உச்சியில் கொட்டியதும் கஸ்பாருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அடுத்த மழைக்கு இது திரும்ப இறங்கிடுமே!"

"இறங்கும்."

"அப்புறம்?"

"திரும்பச் சுமக்கணும்."

"இது என்ன கிறுக்குத்தனம்!"

எலோடி சிரித்துவிட்டார். "உங்க தாத்தாவும் இப்படித்தான் திட்டுவாராம். எங்க அப்பா சொல்லியிருக்காரு. திட்டிக்கிட்டே சுமப்பாராம். உங்க தோட்டத்துல பழசுன்னா இந்த மண்ணு சுமக்கிறது ஒண்ணுதான், கஸ்பார்."

கஸ்பார் கீழே திரும்பிப் பார்த்தார். சரிவு முழுக்க மொட்டையாகக் கிடந்தது. ஆனாலும் மனசு என்னவோ லேசானது.

"ஒட்டுக்கொடி நட எப்பக் குழி வெட்டலாம்?" என்று கேட்டார்.

"மண்ணு மேல வந்தாத்தானே வெட்ட? கூடையை எடுங்க."