துணிக்கு மேல் பதித்த முத்திரை

முன்னொரு காலத்தில், மஞ்சு மூடும் கொடிமலை நாட்டைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் யார் எதைக் காதில் போட்டாலும் மாலைக்குள் அது சட்டமாகிவிடும்!

ஒருநாள் பொக்கிஷ அதிகாரி ஏகாம்பரநாதர் காதைக் கடித்தார். "பிரபு, காசு எதற்கு? களவுதான் போகிறது. எல்லோர் பொன்னும் அரண்மனையிலேயே இருக்கட்டும். யார் எதை வாங்கினாலும் கடைக்காரன் கொடியசைத்து மலையுச்சிக் காவலருக்குச் சொல்லட்டும். நாம் அவரவர் கணக்கில் கழித்துக்கொண்டு வெள்ளைக்கொடி காட்டினால் சரக்கைக் கொடுக்கட்டும்."

அப்படியே நடந்தது. ஏகாம்பரநாதருக்கு ஒரே கொண்டாட்டம். தளபதி மூலத்துக்குக் களிம்பு வாங்கியதைச் சபையிலேயே சொல்லிச் சிரித்தார். பாவம், தளபதி அன்று உட்காரவே இல்லை.

மந்திரி வல்லபருக்குப் பொறுக்கவில்லை. "அரசே, ஒருத்தி மருந்து வாங்குவது மலைக்கு ஏன் தெரியவேண்டும்? மஞ்சு இறங்கினால் கொடிதான் யார் கண்ணுக்குத் தெரியும்?"

"மந்திரியாருக்கு மறைக்க ஏதோ இருக்கிறது போலும்!" என்றார் ஏகாம்பரநாதர்.

ராஜா மீசையை முறுக்கினான். "வல்லபரே, மலையைக் கேட்காமலே பணம் செல்லவேண்டும். வாங்கியவர் யாரென்று தெரியக்கூடாது. போலியும் நுழையக்கூடாது. அப்படியொரு வழி காட்டும். இல்லையேல் உம் பதவி ஏகாம்பரநாதருக்கு!"

மறுநாள் வல்லபர் ஊரை வரவழைத்தார். ஆளுக்கொரு ஈரக் களிமண் வில்லை, அதன்மேல் மெல்லிய துணி. அவரவர் கணக்கில் ஒரு பொன் கழிந்ததும், ராஜா துணிக்கு மேலேயே முத்திரை மோதிரத்தை அழுத்தினான். எந்த வில்லை யாருடையது என்று குறித்துவைக்க ஏகாம்பரநாதர் எட்டியெட்டிப் பார்த்தார். துணிதான் தெரிந்தது! "இனி இந்த வில்லை எந்தக் கடையிலும் ஒரு பொன்னுக்குச் செல்லும்" என்றார் வல்லபர். ஜனங்கள் வில்லையை வீட்டில் சுட்டு மடியில் முடிந்துகொண்டார்கள்.

சில நாளில் மஞ்சு இறங்கியது. மலையையே காணோம். வில்லையை நீட்டிப் பார்க்க இன்னும் யாருக்கும் துணிவு வரவில்லை; கடைவீதி அப்படியே நின்றுபோனது. மந்திரியையும் பொக்கிஷ அதிகாரியையும் அழைத்துக்கொண்டு ராஜாவே பார்க்கப் போனான்.

மருந்துக்கடை வாசலில் முக்காடிட்ட ஒரு பெண் பதறினாள். "அண்ணாச்சி, பிள்ளைக்கு ஜன்னி கண்டிருக்கு! மருந்து குடுங்க!"

"வெள்ளைக்கொடி தெரியலையே தாயி, நான் என்ன செய்ய?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து வில்லையை நீட்டினாள். கடைக்காரன் விரலால் தடவினான். ராஜமுத்திரை! மறுபேச்சில்லாமல் மருந்தைக் கொடுத்தான். அவள் மஞ்சுக்குள் ஓடி மறைந்தாள்.

ராஜாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "கொடியில்லை, காவலில்லை, நானும் பேசவில்லை. என் வாக்கு மட்டும் இந்த மஞ்சுக்குள் தனியாக நின்று ஒரு பிள்ளைக்கு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறதே! யார் அவள், ஏகாம்பரநாதரே?"

அவர் கடைக்காரனிடம் வில்லையை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "தெரியவில்லை, பிரபு."

ராஜா மந்திரியிடம் குனிந்தான். "எனக்கு மட்டும் சொல்லும்."

"எனக்கும் தெரியாது, அரசே. தாங்களே பார்க்காமல் பதித்ததுதானே!"

ராஜா அந்த வில்லையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஆனால் பிரபு, இதனால் திருடருக்கல்லவா வசதி?" என்று இழுத்தார் ஏகாம்பரநாதர்.

"அப்படியா? இந்த மாதம் நீர் வாங்கியதையெல்லாம் கொடிக்காவலர் சபையில் சொல்லட்டுமா?" என்றான் ராஜா.

ஏகாம்பரநாதர் நடுவீதி என்றும் பாராமல் தடாலென்று காலில் விழுந்தார்.

அன்றே கொடிகள் இறங்கின. வல்லபருக்கு மந்திரிப் பதவி நிலைத்தது. கை நிறைய முத்திரை வில்லைகளும் பரிசாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு அவர் என்ன வாங்கினார் என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜாவுக்கே தெரியாது!